ஆஸ்மோசிஸ்: தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு உருளக்கெழங்க வச்சு பாக்க ஒரு முழு வழிகாட்டி

பாளையங்கோட்டைல சாயங்காலம் பத்தாப்பு, பதினொண்ணாப்பு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கேன். ஆஸ்மோசிஸ், அதான் சவ்வூடு பரவல் (செல்லச் சுத்தி இருக்கிற மெல்லிய சவ்வு வழியா தண்ணி உள்ள போறது, வெளிய வர்றது), வந்தாலே டெஃபனிஷன கண்ண மூடிட்டு ஒப்பிச்சிரும், ஆனா "உப்புத்தண்ணில போட்ட செல் வீங்குமா சுருங்குமா"ன்னு கேட்டா பாதிப் பேரு வீங்கும்னு சொல்லும். அதுக்கப்புறம்தான் எங்க வீட்டு அடுப்படி மேடைலயே கெழங்க வெட்டிக் காட்ட ஆரம்பிச்சேன். அதுலயும் வரிச மாறுனா ரிசல்ட் தலகீழா வருது, அதனால எத முதல்ல செய்யணும், எத அப்புறம் செய்யணும்னு அப்படியே எழுதுதேன். ஒரு சாயங்காலம் போதும்.

1. கெழங்க தொடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

வீங்கும்னு சொல்லுத பிள்ளைட்ட ஏன்னு கேட்டா "அதிகமா இருக்கிற எடத்துல இருந்து கம்மியா இருக்கிற எடத்துக்குப் போகும்லா சார், உப்பு வெளிய அதிகம், அப்ப உள்ளதான போகும்"னு வரும். பாடம் படிக்கலன்னு சொல்ல முடியாது, படிச்சது டிஃப்யூஷன், அதான் கரஞ்ச பொருளே பரவிப் போறது. உப்ப எண்ணிட்டு இருக்கு, தண்ணிய எண்ணல.

அதனால கணக்கோ படமோ எது வந்தாலும் மூணு கேள்விய இந்த வரிசைலயே கேட்டுக்கிடுங்க. சவ்வு எங்க இருக்கு? அது வழியா எது போகும், எது போகாது? எந்தப் பக்கம் தண்ணி தாராளமா இருக்கு? முதல் ரெண்டும் தெரியாம மூணாவதுக்குப் போனா பதில் குருட்டாம்போக்குல வரும்.

தண்ணி தாராளமா இருக்கிறதுன்னா என்னன்னு ஒரு வரி. உப்பு கரஞ்ச தண்ணில கொஞ்சம் தண்ணி மூலக்கூறு உப்போட ஒட்டிக்கிட்டு கெடக்கு, சும்மா திரிஞ்சு சவ்வுல வந்து மோதுற தண்ணி கம்மி. சுத்தத் தண்ணில எல்லாமே சும்மா திரியுறதுதான். பதினொண்ணாப்பு பிள்ளைங்க இத வாட்டர் பொட்டென்ஷியல்னு எழுதணும்: சுத்தத் தண்ணிக்கு 0, எதையாவது கரைக்கக் கரைக்க மைனஸ்ல போகும், தண்ணி எப்பவும் மைனஸ் கூடுன பக்கம் போகும். பத்தாப்புக்கு "தாராளமா இருக்கிற பக்கம் இருந்து தட்டுப்பாடான பக்கத்துக்கு"ன்னு வச்சா போதும், திசை தப்பாது.

2. என்னென்ன வேணும்

நல்ல பெரிய உருளக்கெழங்கு ஒண்ணு, 300 கிராம் பக்கம் இருந்தா நல்லது. ரெண்டு மூணு சின்னக் கெழங்கு வேண்டாம். ஒவ்வொரு கெழங்குக்குள்ளயும் சீனி, உப்பு அளவு வேற வேற, அப்புறம் வித்தியாசம் டம்ளரால வந்துச்சா கெழங்கால வந்துச்சான்னு சொல்ல முடியாது. தொலி சுருங்கி முளை விட்டதும் வேண்டாம், அது ஏற்கனவே தண்ணி இழந்து கெடக்கு.

பொடி உப்பு, ஏழு டம்ளர், எம்எல் கோடு போட்ட ஜார், ஸ்கேல், கூரான கத்தி, டிஷ்யூ பேப்பர், டம்ளர்ல ஒட்ட ஸ்டிக்கர், நோட்டு, பேனா. கல்லுப்பு எடுக்காதீங்க, தூத்துக்குடி பக்கத்துலயே இருக்குன்னு எல்லாரு வீட்டுலயும் அதுதான் கெடக்கும், ஆனா அது ஈரத்தப் பிடிச்சு வச்சிருக்கும், 16 கிராம்னு நிறுத்தா அதுல எவ்வளவு தண்ணின்னு யாருக்குத் தெரியும்.

தராசுதான் பெரிய தலவலி. சமையல் தராசு 1 கிராம் வித்தியாசம்தான் காட்டும், நம்ம துண்டு ஒண்ணு அஞ்சு கிராம்தான் இருக்கும், அது அரை கிராம் கூடுனாலும் தராசு அசையாது. நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா ரொம்ப நல்லது. இல்லன்னா ஒரு டம்ளருக்கு பத்துத் துண்டு போட்டு பத்தையும் சேத்து நிறுங்க, 54 கிராம் 59 ஆச்சுன்னா சமையல் தராசே காட்டிரும், கெழங்கு மட்டும் ரெண்டு மூணா ஆகும், அந்தக் கலப்பு ஒரு குறைதான், வேற வழி இல்ல.

தண்ணிக்கு ஆர்ஓ கேன் தண்ணி எடுத்துக்கிடுங்க. கடலோர ஊர்ல போர் தண்ணி வாயில வச்சாலே கரிக்கும், அதையே "சுத்தத் தண்ணி" டம்ளர்ல ஊத்துனா திசை மாறாது, ஆனா கெழங்கு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது.

3. கரைசல முதல்ல கலக்குங்க

கெழங்க வெட்டி வச்சிட்டு உப்பு கலக்கப் போறதுதான் எல்லாரும் பண்ணுத தப்பு. கலக்கி முடிக்கதுக்குள்ள வெட்டுன துண்டு ஃபேன் காத்துல காஞ்சு கெடக்கும், நம்ம ஊரு வெயில் காலத்துல கேக்கவே வேண்டாம். அதனால டம்ளர் எல்லாம் ரெடியா ஸ்டிக்கரோட நிக்கணும், அப்புறம்தான் கத்தி.

அஞ்சு அளவு வேணும்: 4%, 2%, 1%, 0.5%, சும்மா தண்ணி. அஞ்சையும் தனித்தனியா நிறுக்காதீங்க, 1 கிராம் உப்பெல்லாம் சமையல் தராசுல சரியா வராது. ஒரே ஒரு தடவ நிறுத்துட்டு மீதிய பாதி பாதியா நீர்த்துக்கிட்டே போங்க.

16 கிராம் உப்ப ஜார்ல போட்டு தண்ணி ஊத்தி, மொத்தம் 400 எம்எல் கோட்டுக்குக் கொண்டு வாங்க. 400 எம்எல் தண்ணி எடுத்து அதுல உப்பப் போடக்கூடாது, அப்ப அளவு 400ஐத் தாண்டிரும். நல்லா கலக்கிட்டு 200 எம்எல்ல முதல் டம்ளர்ல ஊத்துங்க, அது 4%. ஜார்ல மிச்சம் 200, அதுல தண்ணி ஊத்தி திருப்பி 400 ஆக்குங்க, இப்ப 2%. அதுல 200 ரெண்டாவது டம்ளருக்கு. இப்படியே 1%, 0.5%. கடைசில ஜார்ல மிஞ்சுற 200ஐ கொட்டிருங்க. அஞ்சாவது டம்ளர்ல வெறும் தண்ணி. மிச்ச ரெண்டு டம்ளர்ல ஒண்ணுல வெறும் தண்ணி, ஒண்ணுல 4%, அது எதுக்குன்னு எட்டாவதுல சொல்லுதேன். அந்த 4%க்கு மட்டும் தனியா 8 கிராம் உப்புப் போட்டு 200 எம்எல் கலக்கிக்கிடுங்க.

ஒவ்வொரு தடவையும் தண்ணி ஊத்துன ஒடனே கலக்கணும். உப்புத்தண்ணி கனம், அடியில தங்கிரும், கலக்காம மேலாப்ல ஊத்துனா 2%ன்னு எழுதுன டம்ளர்ல 2% இருக்காது.

உப்புக்குப் பதிலா சீனி போடலாமான்னு கேப்பாங்க. போடலாம், ஆனா 1% உப்பும் 1% சீனியும் ஒண்ணுன்னு நெனச்சிராதீங்க. ஆஸ்மோசிஸுக்கு கரஞ்ச துகளோட எண்ணிக்கைதான் கணக்கு, எடை இல்ல. சீனி மூலக்கூறு கனம், மோலுக்கு (ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை மூலக்கூறுக்கு) 342 கிராம், கரஞ்சாலும் ஒண்ணாவே இருக்கும். உப்பு 58.5 கிராம்தான், அதுவும் கரஞ்சா சோடியம் தனி குளோரைடு தனின்னு ரெண்டா பிரியும். கணக்குப் போட்டா 1% உப்பு இழுக்கிற இழுவைய சீனிய வச்சு காட்ட ஏறக்கொறைய 12% சீனி கரைக்கணும். ரேஷன் சீனி தீந்துரும்.

4. கெழங்கு வெட்டுறது

தொலிய முழுசா சீவுங்க. கெழங்குத் தொலி தண்ணி வெளிய போகாம காக்கத்தான் இருக்கு, ஒரு பக்கம் தொலி ஒட்டிக்கிட்டு இருந்தா அந்தப் பக்கம் கதவு சாத்துன மாதிரி. 1 செமீ அகலம், 1 செமீ உயரம், 5 செமீ நீளம்னு ஃபிங்கர் சிப்ஸ் மாதிரி வெட்டணும். எல்லாம் ஒரே அளவா இருக்கணும்னு சொல்றது அழகுக்காக இல்ல, ஒல்லித் துண்டுல மேல்பரப்பு கூட, தண்ணி வேகமா போகும் வரும், ரெண்டு மணி நேரத்துல ஒல்லித் துண்டு முடிச்சிரும், தடித் துண்டு பாதிவழில நிக்கும்.

அஞ்சு டம்ளருக்கு மூணு மூணு, எட்டாவது படிக்கு ஆறு, மொத்தம் 21 துண்டு. ஒரு டம்ளருக்கு ஒண்ணு போதாதான்னு கேட்டா, ஒரு துண்டு ஏதாவது அழுகல் பொட்டோட இருந்தா அந்த டம்ளர் மொத்தமும் போச்சுல்லா.

இப்ப ஒரு சங்கதி. ஒரு வருஷம் ஒரு பிள்ளை ரொம்ப சுத்தமா வெட்டி, எல்லாத் துண்டையும் ஒரு கிண்ணத்துத் தண்ணில போட்டு வச்சிருந்தா. "கறுத்துரும்லா சார், எங்கம்மா வாழக்கா நறுக்குனாலும் இப்படித்தான் போடுவாங்க"ன்னா. அவ சொன்னது சரிதான், அடுப்படிக்கு. நமக்கு அதுதான் வினை. அரை மணி நேரம் தண்ணில கெடந்ததுல எல்லாத் துண்டும் ஏற்கனவே தண்ணி குடிச்சு கம்புமாதிரி நின்னுச்சு, அதுக்கப்புறம் எடை போட்டு டம்ளர்ல போட்டா 0.5%ல கூட எடை குறையுது, வெறும் தண்ணில ஒண்ணும் நடக்கல. அன்னைக்கு முழுக்க டம்ளர மாத்திட்டோம்னு நானே சந்தேகப்பட்டு உப்ப நக்கிப் பாத்துக்கிட்டு இருந்தேன். வெட்டுன துண்டு லேசா கறுத்தாலும் பரவால்ல, ஈரத்துணி போட்டு மூடி வைங்க, தண்ணில மட்டும் போடாதீங்க.

5. ஒத்தி எடுத்து நிறுத்து எழுதுங்க

டிஷ்யூல துண்ட ஒரு தடவ உருட்டி ஒத்துங்க, அழுத்திப் பிழியக்கூடாது. வெட்டுன மேல்பரப்புல கசியுற ஈரம் கெழங்குக்கு உள்ள இருக்கிற தண்ணி இல்ல, அதையும் சேத்து நிறுத்தா முதல் எடையே பொய். முக்கியமா, முதல்ல எப்படி ஒத்துனீங்களோ அப்புறமும் அப்படியே ஒத்தணும், முதல்ல லேசா ஒத்திட்டு பின்னால அழுத்தித் தொடச்சா எல்லா டம்ளர்லயும் எடை குறைஞ்ச மாதிரியே காட்டும்.

மூணு துண்டையும் சேத்து நிறுத்து, டம்ளர் பேரோட எழுதிட்டு, அப்புறம்தான் உள்ள போடணும். போட்டுட்டு எழுதிக்கிடலாம்னு விட்ட பிள்ளைங்க எவ்வளவு பேரு.

6. காத்திருக்கிற நேரம்

ரெண்டு மணி நேரம் நல்லது, ஒரு மணி நேரத்துலயே வித்தியாசம் தெரியும். துண்டு முழுசா முங்கி இருக்கணும், டம்ளர மூடி வைங்க. ராத்திரி முழுக்க விட்டு காலைல பாக்கலாம்னு நெனைக்காதீங்க, நம்ம ஊரு சூட்டுல தண்ணி கலங்கி நாத்தம் எடுத்துரும், அதோட 4% டம்ளர்ல செல் செத்து சவ்வு ஓட்டையாகி உப்பே உள்ள ஏற ஆரம்பிக்கும், அப்ப நீங்க பாக்கது ஆஸ்மோசிஸே இல்ல.

7. எடுத்து வளச்சுப் பாருங்க, அப்புறம் நிறுங்க

நிறுக்கதுக்கு முன்னாடி கைல எடுத்து ரெண்டு நுனியையும் பிடிச்சு மெல்ல வளைங்க. தராசு சொல்லுததுக்கு முன்னாடி விரலு சொல்லிரும். வெறும் தண்ணில கெடந்த துண்டு வளையாது, இன்னும் கொஞ்சம் அழுத்துனா பச்சை மாங்கா மாதிரி படக்குன்னு ஒடியும். 4%ல கெடந்தது ரப்பர் மாதிரி வளஞ்சு ரெண்டு நுனியும் கிட்டக்க வரும், மேல்பரப்பு வழவழன்னு இருக்கும். நடுவுல உள்ள டம்ளர்ல ஒண்ணு வெட்டுன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்.

அந்த விறைப்பு எங்க இருந்து வருதுன்னா, உள்ள போன தண்ணி சவ்வ வெளிய தள்ளுது, சவ்வுக்கு வெளிய செல் சுவர் கெட்டியா நின்னு திருப்பித் தள்ளுது. டியூப்ல காத்தடிச்சா டயர் கெட்டிப்படுற மாதிரி. இதத்தான் விறைப்பழுத்தம்னு புத்தகத்துல போட்டிருக்கு. "தண்ணி போய்க்கிட்டே இருந்தா கெழங்கு வெடிச்சிராதா"ன்னு கேக்கிற பிள்ளைக்கு பதிலும் இதுதான், சுவர் தள்ளுத தள்ளும் தண்ணி நுழையுற வேகமும் ஒரு கட்டத்துல சரிக்குச் சரி ஆயிரும். அப்ப தண்ணி நின்னு போகல, உள்ள போறதும் வெளிய வர்றதும் சமமா இருக்கு, அவ்வளவுதான்.

இப்ப ஒத்தி நிறுங்க. எத்தனை கிராம் கூடுச்சு, குறைஞ்சுச்சுன்னு எழுதக்கூடாது, எத்தனை சதவீதம்னு எழுதணும். எல்லா டம்ளர்லயும் ஆரம்ப எடை ஒண்ணா இருக்காதுல்லா. பின்னால உள்ள எடைல இருந்து முன்னால உள்ளத கழிச்சு, முன்னால உள்ளதால வகுத்து, 100ஆல பெருக்கணும். உதாரணத்துக்கு 16.0 கிராம் 17.6 ஆச்சுன்னா +10%. 16.5 கிராம் 14.0 ஆச்சுன்னா −15%. பின்னால உள்ள எடையால வகுக்கிறது அடிக்கடி நடக்கிற தப்பு. மைனஸ் குறிய விட்டுறது இன்னொண்ணு, அந்தக் குறிதான் தண்ணி எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லுது.

கிராஃப்ல கீழ உப்பு சதவீதம், பக்கத்துல எடை மாற்றம் போட்டு புள்ளிய சேத்தா கோடு மேல இருந்து எறங்கி 0வ வெட்டும். வெட்டுற எடம்தான் அந்தக் கெழங்கு செல்லுக்கு ஐசோடானிக், சம செறிவு. அதுக்கு இடது பக்கம் ஹைபோடானிக் (செறிவு கம்மி), வலது பக்கம் ஹைபர்டானிக் (செறிவு கூட). எங்களுக்குப் பெரும்பாலும் 1%க்குக் கிட்டக்கதான் வெட்டும், கெழங்குக்குக் கெழங்கு முன்னப்பின்ன இருக்கும். பிள்ளைங்க நோட்டுல 1%ன்னு முதல்லயே எழுதி வச்சிட்டு புள்ளிய அதுக்கேத்த மாதிரி நகத்துறதையும் பாத்திருக்கேன், வேண்டாம்.

இன்னொண்ணு, இந்த ஹைபர் ஹைபோ எல்லாம் வெளிய இருக்கிற கரைசலுக்கு வைக்கிற பேரு, அதுவும் உள்ள இருக்கிறத ஒப்பிட்டு. "1% உப்பு ஹைபர்டானிக்கா?"ன்னு மொட்டையா கேட்டா பதில் கெடையாது, எந்த செல்லுக்குன்னு திருப்பிக் கேளுங்க.

8. வேக வச்ச துண்டு

இத யாரும் செய்ய மாட்டாங்க, ஆனா மொத்தப் பாடமும் இதுலதான் இருக்கு. ஆறு துண்ட பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறவச்சு, ஒத்தி, மூணு வெறும் தண்ணில, மூணு 4%ல. அதே ரெண்டு மணி நேரம்.

பச்சைத் துண்டுல பாத்த மாதிரி ஒண்ணு விறைக்க, ஒண்ணு தொவள எல்லாம் நடக்காது. ரெண்டும் ஒரே மாதிரி மெதுமெதுன்னு இருக்கும். ஏன்னா சூட்டுல சவ்வு செதஞ்சு போச்சு. முதல் கேள்வி ஞாபகம் இருக்கா, சவ்வு எங்க? இல்ல. அப்ப உப்பத் தடுக்க ஆளில்ல, உப்பே உள்ள போயிரும், 4%ல கெடந்தத கழுவி நறுக்கி நடுவுல நாக்கு வச்சுப் பாருங்க, அதுவரைக்கும் உப்பு ஏறியிருக்கும். இதுதான் டிஃப்யூஷன். அந்தப் பாதி வகுப்பு முதல்ல சொன்ன "உப்பு உள்ளதான போகும்"ங்கிற காரணம் இந்தக் கெழங்குக்குத்தான் பொருந்தும்.

9. மைக்ராஸ்கோப் கெடச்சா

பள்ளிக்கூட லேப்ல ஒரு அரை மணி நேரம் கெடச்சாலும் விடாதீங்க. ஊதாத் தொலி பல்லாரி ஒண்ணு எடுத்து, காஞ்ச தொலிய எடுத்துட்டு, அடுத்த சதைப்பட்டையோட வெளிப்பக்கம் நிறமா இருக்கிற மெல்லிய தோல உரிங்க. உள்பக்கத் தோல் சுலபமா உரியும், ஆனா நிறம் கெடையாது, ஒண்ணும் தெரியாது.

முதல்ல ஒரு சொட்டுத் தண்ணில வச்சு கவர் ஸ்லிப் போட்டு பாருங்க. கட்டம் கட்டமா ஊதா நிறம் சுவரோட ஒட்டி நெறஞ்சு இருக்கும். உப்பு போடுறதுக்கு முன்னாடி இதப் பாத்து வரஞ்சு வைக்கலன்னா, அப்புறம் எது மாறுச்சுன்னு தெரியாது. இப்ப கவர் ஸ்லிப்போட ஒரு ஓரத்துல 4% உப்புத்தண்ணி ஒரு சொட்டு, எதிர் ஓரத்துல டிஷ்யூவ வச்சு உறிஞ்சுங்க. கண்ண எடுக்காதீங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல மூலைல இருந்து ஊதா விலக ஆரம்பிக்கும், சுவர் நின்ன எடத்துலயே நிக்கும், நிறம் மட்டும் சுருங்கிச் சுருங்கி நடுவுல கோலிக்காய் மாதிரி உருண்டு நிக்கும், நிறமும் அடர்த்தியா ஆகும். பிளாஸ்மோலிசிஸ், உயிர்மச் சுருக்கம். நிறம் ஏன் வெளிய கசியல? சவ்வு உயிரோட இருக்கு, தண்ணிய மட்டும் விடுது.

ஒடனே அதே மாதிரி வெறும் தண்ணி விட்டு எதிர்ப்பக்கம் உறிஞ்சுனா திருப்பி விரிஞ்சு சுவர்ல ஒட்டும். டீ குடிச்சிட்டு வந்து தண்ணி விடலாம்னு ரொம்ப நேரம் விட்டா செல் செத்துரும், திரும்பாது.

10. நம்ம ரத்த செல்லுக்கு வந்தா

கெழங்குல தெரிஞ்சத அப்படியே மனுச செல்லுக்கு எழுதக்கூடாது, அங்க சுவர் கெடையாது. ரத்த சிவப்பணுவ வெறும் தண்ணில போட்டா விறைச்சு நிக்காது, வெடிச்சிரும். அதனாலதான் ட்ரிப்ஸ்ல வெறும் தண்ணி ஏத்த மாட்டாங்க, ஏத்துற சலைன்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு, 0.9%. கடல் தண்ணி 3.5% பக்கம், அதுல போட்டா சுருங்கும்.

இப்ப வகுப்புல நான் கடைசியா கேக்கிற கேள்வி. லிட்டருக்கு 18 கிராம் யூரியா கரைச்சா அதுல இருக்கிற துகள் எண்ணிக்கையும் 0.9% சலைன்ல இருக்கிற எண்ணிக்கையும் ஏறக்கொறைய ஒண்ணு. அதுல சிவப்பணுவப் போட்டா என்ன ஆகும்? நல்லா படிக்கிற பிள்ளைங்கதான் முதல்ல கை தூக்கி "ஐசோடானிக் சார், ஒண்ணும் ஆகாது"ங்கும். வெடிச்சிரும். யூரியா சிவப்பணு சவ்வு வழியா சுலபமா உள்ள போயிரும், அது உள்ள போகப் போக பின்னாலயே தண்ணியும் போகும், செல்லுக்குள்ள ஏற்கனவே இருக்கிறது வெளிய வர முடியாது, முடிவுல வெறும் தண்ணில போட்ட கதைதான். எண்ணிக்கைய எண்ணுனாங்க, ரெண்டாவது கேள்விய கேக்கல.